மூட்டுகள் உராயாமல் இயங்குவது எப்படி?

முழங்கால் வலி உள்ளவர்கள் பலர், "மூட்டில் பசை குறைந்துவிட்டது" என்று கூறுவதுண்டு. அவர்கள் குறிப்பிடும் பசை, மூட்டுத் திரவம் ஆகும். அதன் பயன் மூட்டின் அசைவைச் சார்ந்தது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

மூட்டுத் திரவம் என்றால் என்ன?

மூட்டைச் சூழ்ந்துள்ள உறையின் உட்சவ்வு இத்திரவத்தைச் சுரக்கிறது. இது முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்று வழுவழுப்பானது. நலமான முழங்காலில் இது பொதுவாக 4 மில்லிலிட்டருக்கு மேல் இருப்பதில்லை. இதிலுள்ள ஹயலூரானிக் அமிலம் திரவத்திற்கு வழுவழுப்பைத் தருகிறது. லூப்ரிசின் என்னும் புரதம் குருத்தெலும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது.

இது எவ்வாறு செயல்படுகிறது?

எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பின் எடையில் பெரும்பகுதி நீரே. நீங்கள் காலை ஊன்றும்போது, உள்ளிருக்கும் அந்நீர் அழுத்தம் பெற்றுச் சுமையைத் தாங்குகிறது. சிறிதளவு வெளியே கசிகிறது. சுமை நீங்கியதும் குருத்தெலும்பு நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே, அதற்கு வேண்டிய ஊட்டம் பெரும்பாலும் மூட்டுத் திரவத்தின் வழியாகவே கிடைக்கிறது. மூட்டின் அசைவு இதற்குத் துணைபுரிகிறது.

வீங்கிய மூட்டில் திரவம் குறைவாக உள்ளதா?

இல்லை. அதில் திரவம் மிகுந்தே இருக்கும். ஆனால், அழற்சியினால் அது நீர்த்து, வழுவழுப்பை இழந்திருக்கும். ஆகவே, திரவத்தின் அளவைப் போலவே தன்மையும் முக்கியம்.

வலி இருந்தால் நடக்கலாமா?

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் வலிக்கு அஞ்சி நடப்பதை அறவே நிறுத்தினால், தொடைத் தசைகள் மெலிந்து மூட்டு மேலும் இறுகும். எனவே:

• தாங்கக்கூடிய அளவில் நாள்தோறும் நடக்கவும்.
• நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருப்பதைத் தவிர்க்கவும்.
• நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை மெதுவாக நீட்டி மடக்கவும்.
• உடல் எடை மிகுதியாக இருப்பின் குறைக்கவும்.

வலியோ வீக்கமோ இன்றி மூட்டில் எழும் 'சொடக்கு' ஒலி பொதுவாகத் தீங்கற்றது.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டியது எப்போது?

• மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து சூடாக இருத்தல், குறிப்பாகக் காய்ச்சலுடன்
• அடிபட்டபின் காலை ஊன்ற இயலாமை
• மூட்டை நீட்டவோ மடக்கவோ முடியாதபடி சிக்கிக்கொள்ளுதல்

இந்நிலைகளில் உடற்பயிற்சியோ எண்ணெய் தேய்த்து நீவுதலோ செய்யாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.