மரத்தவளை எங்கே பிறந்தது? வாங்குமுன் கேட்கவேண்டியவை

லண்டனில் வசிக்கும் என் அக்கா சில வாரங்களுக்கு முன்னர் அழைப்பெடுத்தார். பத்து வயது மகள் மரத்தவளை வளர்க்கவேண்டுமென அடம்பிடிக்கிறாளாம். கடையில் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் 'வளர்ப்பில் பிறந்தது' என்று எழுதி ஒட்டியிருந்ததாம். "நீதானே எழுதுறனி, உது உண்மையோ எண்டு பார்த்துச் சொல்லு" என்றார்.

மாரியில் கிணற்றடியிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் மரத்தவளையை ஊரில் யாரும் காசுக்கு வாங்குவதில்லை. வெளிநாடுகளில் அது பெரிய வியாபாரம். அங்கு அதிகம் வளர்க்கப்படுபவற்றில் இரண்டைச் சொல்லலாம்.

ஒன்று, 1790இல் இதனை விவரித்த ஜோன் வைட்டின் பெயரால் அழைக்கப்படும் வைட் மரத்தவளை. அவுஸ்திரேலியாவும் நியூகினியின் தென்பகுதியும் இதன் தாயகம். 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. சுதேச விலங்குகளை வியாபாரத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அவுஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. ஆகவே காட்டில் பிடிபட்டுச் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தே வருகின்றன.

மற்றையது மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளை. 2010இல் இது சைட்டிஸ் எனப்படும் சர்வதேச உயிரின வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சைட்டிஸ் பத்திரங்களில் மூலத்தைக் குறிக்க எழுத்துகள் உண்டு. 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. 'சி' என்றால் சட்டபூர்வமாகப் பெறப்பட்ட பெற்றோரிலிருந்து வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. 'எஃப்' என்றால் வளர்ப்பிடத்தில் பிறந்தது, ஆனால் 'சி'க்குரிய நிபந்தனைகளை நிறைவுசெய்யாதது. பெற்றோர் காட்டிலிருந்து வந்திருக்கலாம். கடைப் பெட்டியில் ஒட்டிய ஒற்றை வரி இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

பத்திரமும் பொய் சொல்லலாம். இந்தோனேசியாவிலிருந்து வளர்ப்பில் பிறந்தவையென ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 வீதமானவை காட்டில் பிடிக்கப்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது.

எங்கள் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. இலங்கைக்கே உரிய கொம்பு ஓணான்களை வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்யச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆனாலும் அவை வெளிநாட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டன. குஞ்சு அங்கே பொரித்திருந்தாலும் தாய் எப்படி அங்கு போனது என்பதே கேள்வி. இலங்கையின் பிரேரணையையடுத்து 2019 ஜெனீவா மாநாட்டில் அவையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்தன.

இடப்பெயர்வில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு அலைந்த எங்களுக்கு, பத்திரம் இல்லாததால் ஒருவர் பொய்யராகிவிடமாட்டார் என்பது தெரியும். ஆனால் இங்கே பேச்சு ஒரு வியாபாரப் பொருளைப் பற்றியது. அதன் மூலத்தைக் காட்டவேண்டியது விற்பவரின் பொறுப்பு.

அக்காவிடம் இவற்றைக் கேட்கச் சொன்னேன்: வளர்த்தவர் யார்? வாற்பேத்தை எப்போது தவளையானது? பெற்றோரைப் பார்க்கலாமா? அவை எங்கிருந்து வந்தன? வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஒரே வயதுக் குஞ்சுகளையே விற்பார்கள். மூக்கில் உரசற் காயம், மெலிவு, பெட்டிக்குள் பல அளவில் வளர்ந்த தவளைகள் என்பன சந்தேகத்துக்குரியவை. ஆனால் இவை மட்டும் சாட்சியாகிவிடா.

ஒரு தவளைதானே என்று விடமுடியாது. தவளைகளைக் கொல்லும் கைற்றிட் பூஞ்சை உலகெங்கும் பரவ விலங்கு வர்த்தகமும் வழிசெய்தது. குறைந்தது 501 ஈரூடக வாழி இனங்களின் வீழ்ச்சிக்கு இந்நோய் காரணமென 2019இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆகவே வளர்த்த தவளையை ஒருபோதும் வெளியில் விடக்கூடாது. பெட்டித் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவும் கூடாது.

இரண்டு நாள் கழித்து அக்கா மீண்டும் எடுத்தார். "மொத்த வியாபாரியிட்ட இருந்து வந்ததாம், அதுக்கு மேல தனக்குத் தெரியாதாம்" என்றார். அந்தத் தவளையை அவர் வாங்கவில்லை. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாளாம். இப்போது பெற்றோர்த் தவளைகளைக் காட்டக்கூடிய வளர்ப்பாளர் ஒருவரைத் தாயும் மகளுமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.