எண்ணிக்கையில் இருந்தோம், இடாப்பில் இல்லை

2024 நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தல் நாள். குருவிட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், எங்களில் ஒருத்தியின் அப்பாயி விடியக்காலை ஐந்து மணிக்கே குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு லயத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வாக்கெடுப்பு தொடங்குவது ஏழு மணிக்கு. "இவ்வளவு வெள்ளனா எதுக்கு அப்பாயி?" என்று கேட்டால், "போகாட்டி பேரை வெட்டிப்புடுவாங்க" என்கிறார்.

ஒரு தேர்தலில் வாக்களிக்காமல் விட்டதற்காக யாருடைய பெயரையும் இடாப்பிலிருந்து வெட்ட மாட்டார்கள் என்று விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ஆனால் நம்பவில்லை. கையில் அடையாள அட்டை. வீட்டுக்குள்ளே ஒரு பழைய பிஸ்கட் டின்னில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பிரஜாவுரிமைப் பத்திரம். 1944இல் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். முதன்முதலாக வாக்களித்தது 1989 பெப்ரவரியில். அப்போது அவருக்கு 45 வயது.

பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்கப் போனபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, அரசின் நியாயத்தன்மை. ஓர் அரசுக்கு மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்? துப்பாக்கிக்குப் பயந்து மட்டும் எந்த அரசும் நீண்ட காலம் நிற்காது. இந்த ஆட்சிக்கு ஆளும் உரிமை உண்டு என்று ஆளப்படுகிறவர்கள் நம்ப வேண்டும் என்றார் மக்ஸ் வெபர். மரபால், தலைவரின் கவர்ச்சியால், சட்டத்தால் என்று அந்த நம்பிக்கை மூன்று வழிகளில் வருமாம். ஜனநாயகத்தில் அது மக்களின் சம்மதத்தால், அதாவது தேர்தலால் வருகிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டோம். பரீட்சையிலும் அப்படியே எழுதினோம்.

அப்பாயியை அந்தப் பாடத்துக்குள் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஆட்சி யாருக்கு என்பதைத் தேர்தல் தீர்மானிக்கும். அந்தத் தேர்தலில் 'மக்கள்' யார் என்பதை யார் தீர்மானிப்பது? இந்தக் கேள்விக்கு எங்கள் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது.

சட்டம் யாருடைய பெயரையும் சொல்லவில்லை

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஆசியாவிலேயே இது முன்னோடி என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். அதே ஏற்பாட்டில் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது: நிரந்தரமாக இங்கேயே இருக்கப் போகிறாயா, அதற்கு என்ன ஆதாரம்? அந்தத் தடையையும் தாண்டிப் பலர் வாக்காளராகப் பதிந்தார்கள். ஹட்டனிலிருந்து 1931இல் பெரி சுந்தரமும் 1936இல் கோ. நடேசய்யரும் அரசாங்க சபைக்குப் போனார்கள். 1937இல் வந்த கிராமச் சபைச் சட்டமோ தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கைக் கொடுக்கவில்லை. அரசாங்க சபைக்கு வாக்குப் போடலாம், பக்கத்து ஊர்ச் சபைக்குப் போட முடியாது!

1946 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் சுமார் 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டில் பல ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் வென்றார்கள். காங்கிரஸ் வேட்பாளர் இல்லாத பல இடங்களில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எங்கள் ஆட்கள் ஒரு தொகுதியையும் வெல்லவில்லை. ரப்பரும் தேயிலையும் ஊர்களும் மாணிக்கக் குழிகளும் கலந்து கிடக்கிற நிலம் இது. இங்கே நாங்கள் அப்போதும் சிதறித்தான் இருந்தோம், இப்போதும் அப்படித்தான்.

1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம். அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம், இலக்கம் 18. இங்கே பிறந்தவர் வம்சாவளியாகப் பிரஜை ஆக வேண்டுமென்றால் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் இந்தப் பகுதியில் தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளர் என்றோ ஒரு சொல்லும் கிடையாது. படித்துப் பார்த்தால் எல்லாருக்கும் பொதுவான விதிதான். ஆனால் தகப்பனுடைய பிறப்புப் பதிவைத் தேட வேண்டிய நிலை யாருக்கு வந்தது? கொழும்பில் அமைச்சர்களாக இருந்தவர்களை யாரும் உங்கள் பூட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை.

1949இல் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன. இலக்கம் 3 இந்திய பாகிஸ்தானிய வதிவாளருக்கு விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழியைக் கொடுத்தது. திருமணமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். இலக்கம் 48 தேர்தல் சட்டத் திருத்தம். பிரஜை அல்லாதவர் வாக்காளர் அல்ல என்று அது சொன்னது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மக்களின் வாக்கையும் சேர்த்துத் தெரிவான பாராளுமன்றம், அடுத்த தேர்தல் வருவதற்குள் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மக்கள் பிரதிநிதிகளைத் தெரிவு செய்வார்கள் என்று படித்திருக்கிறோம். இங்கே பிரதிநிதிகள் மக்களைத் தெரிவு செய்தார்கள்.

எதிர்ப்பு இருந்தது. 1948 சட்டத்துக்கு எதிராக இடதுசாரிகள் வாக்களித்தார்கள். வடக்கிலிருந்து வந்த தமிழ்க் காங்கிரஸ் இந்த விடயத்தில் பிளந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார், செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

ருவன்வெல்லயில் இருந்து இலண்டனுக்கு

இந்த வரலாற்றைச் சொல்லும்போது எல்லாரும் ஹட்டன், நுவரெலியா என்றுதான் பேசுவார்கள். ஆனால் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்கொண்ட முக்கிய வழக்கு எங்கள் சப்ரகமுவவிலிருந்து கிளம்பியது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கொடக்கன் பிள்ளை என்பவர் கேட்டார். பிரஜை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மறுத்தார்கள். அவர் மேன்முறையீடு செய்தார்.

அவர் பிடித்துக்கொண்டது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாக அமையும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று அது சொன்னது. சிறுபான்மையினர் சுதந்திரத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதிய காப்பு. இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம் அந்த வாதத்தை ஏற்று, இந்தச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரு மாவட்ட மட்டத்து அதிகாரி இப்படிச் சொன்னது சின்ன விடயமா?

அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1951இல் அந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டது. சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கின்றன, எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பது அதன் போக்கு. பிள்ளை இலண்டன் கோமறைக் கழகம் வரை போனார். 1953இல் அங்கேயும் தோல்வி. தன் நாட்டின் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பாக உரிய, நியாயமான வேலை என்றார்கள் நீதிபதிகள். இந்தியத் தமிழர் வந்து போகும் பழக்கமுள்ளவர்கள் என்பதும் அவர்களின் தகுதியைப் பார்க்கும்போது பொருத்தமான விடயம்தானாம். விண்ணப்பித்துப் பிரஜையாக 1949 சட்டத்தில் வழி இருக்கிறதே என்றும் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பில் 'நியாயமான' என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களுக்கு அந்த விரிவுரை நினைவுக்கு வந்தது. தெரிவான பாராளுமன்றம், முறைப்படி நிறைவேறிய சட்டம், மூன்று படி நீதி விசாரணை என்று வெபர் சொன்ன சட்டவழி ஆட்சிக்குத் தேவையான எல்லாமே அங்கே இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: யாரைப் பற்றிய சட்டமோ அவர்களின் சம்மதம். அதைக் கேட்பதற்கான வழியையே அந்தச் சட்டம் அடைத்துவிட்டது. சட்டப்படி சரியான ஒன்று நியாயமற்றதாகவும் இருக்கலாம் என்பதற்கு எங்களுக்குப் புத்தக உதாரணம் தேவைப்படாது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1946இல் தேர்தல் தொகுதிகளை வகுத்தபோது மொத்த சனத்தொகையை, ஏறக்குறைய 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம் என்று எண்ணினார்கள். அதில் லயத்து ஆட்களும் அடக்கம். 1952 தேர்தல் அதே தொகுதிகளில்தான் நடந்தது. ஆசனத்துக்கு எங்கள் தலைகளை எண்ணினார்கள், வாக்குச்சீட்டு மற்றவர்களுக்குப் போனது. அந்த வருடம் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்திப் பார்த்தது. தேர்தலில் ஒரு மலையகத் தமிழரும் வெல்லவில்லை. அதன் பிறகு 1977 வரை நியமன உறுப்பினர்கள்தான்.

துரைதான் அரசாங்கம்

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 1948இல் எங்களுக்காக வாக்களித்த சமசமாஜக் கட்சி 1964இல் அந்த அரசாங்கத்தில் பங்காளி. ருவன்வெல்லயின் உறுப்பினராக இருந்த என்.எம். பெரேரா நிதியமைச்சர். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்த வீடுகள் குருவிட்டப் பக்கத்திலும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களிடமிருந்து கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அத்தனை காலமும் அரசு இல்லாமலா வாழ்ந்தோம்? ஆட்சி இருந்தது. ஆனால் அது தோட்டத்து ஆபிசில் இருந்தது. பிரட்டுக்குப் போனால் செக்ரோலில் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அரிசி, லயம், மருந்து எல்லாம். கடிதம் வந்தால் ஆபிசுக்கு வரும். பிறப்பைப் பதிவதற்கும் அங்கேயிருந்துதான் துண்டு. அரசாங்கம் என்பது எங்களுக்குத் துரை, கணக்கப்பிள்ளை, யூனியன் தலைவர் வழியாகத்தான் தெரிந்தது. 1977, 1981, 1983 வன்முறைகளில் இந்த மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, பாதுகாப்பு என்று வந்து நின்றிருக்க வேண்டிய அரசை எங்கள் ஆட்கள் பார்க்கவில்லை.

பிரஜாவுரிமை துண்டு துண்டாகத் திரும்பி வந்தது: 1986 சட்டம், 1988 சட்டம், கடைசியாக 2003ஆம் ஆண்டு இலக்கம் 35. மனம் மாறிக் கொடுத்தது என்று சொல்ல முடியவில்லை. யுத்தம், இந்தியாவின் அழுத்தம், அமைச்சரவைக்குள் தொண்டமான், 1986 ஜனவரியில் தோட்டங்களில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம், வாக்கு தேவைப்பட்ட கட்சிகள் எல்லாம் சேர்ந்த விளைவு அது. வாக்கு வந்த பிறகும் 1937இன் நிழல் போகவில்லை. 1987 பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. சபைக்கு வாக்குப் போட்டோம், ஆனால் சபையின் ரோடு தோட்டத்து எல்லையோடு நின்றது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. பர்மாவின் 1982 பிரஜாவுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே மூதாதையர் அங்கே இருந்தார்களா என்று கேட்டது. ரோஹிஞ்சாக்கள் நாடற்றவரானார்கள். அசாமில் 2019இல் வெளியான தேசியப் பதிவேட்டில் 19 இலட்சம் பேருக்கு இடமில்லை. எங்கேயும் இது பத்திரத்தில்தான் தொடங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாத்தாவின் பத்திரம் எங்கே என்று அரசு கேட்கிறது.

"இப்பதான் எல்லாருக்கும் ஓட்டு இருக்கே, பழசை எதுக்குக் கிளறுறீங்க?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2024 தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போய், தோட்ட உட்கட்டமைப்புக்குப் பொறுப்பான பிரதியமைச்சரும் ஆனார். தோட்டத்து ஆட்களோடு சிங்கள ஊர்களும் சேர்ந்து வாக்களிக்காமல் இந்த மாவட்டத்தில் அது நடந்திருக்காது. அந்தச் சந்தோஷத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனாலும் எங்களில் பலருக்கு இன்றைக்கும் வீட்டு இலக்கம் இல்லை. முகவரி தோட்டத்தின் பெயர்தான். லயம் நிற்கும் காணிக்கு உறுதி கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் எங்களில் ஒருவனுக்கு ஆபிசில் கிடந்து, பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. இன்னொருவர் கையைத் தாண்டாமல் பிரஜையிடம் வந்து சேரத் தெரியாத அரசு, வாக்கைக் கொடுத்துவிட்டது என்பதால் மட்டும் அவருடைய நம்பிக்கையைப் பெற்றுவிடுமா? எங்கள் பார்வையில், ஓர் ஆட்சியின் நியாயத்தன்மையை அளக்க வாக்களிப்பு வீதம் போதாது. தேர்தல் இல்லாத ஒரு சாதாரண நாளில் தோட்டத்து ஆள் ஒருவர் யாருடைய துண்டும் இல்லாமல் அரச அலுவலகத்துக்குப் போய்த் தன் வேலையை முடித்துவர முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அப்பாயி வாக்களித்துவிட்டு எட்டு மணிக்கு முன்பே திரும்பிவிட்டார். மை பூசிய விரலை எங்களிடம் காட்டினார். பிறகு அடையாள அட்டையைச் சேலை முந்தானையால் துடைத்து, பிஸ்கட் டின்னுக்குள் அந்தப் பழைய பத்திரத்தோடு வைத்து மூடினார். "இது இருக்கட்டும், நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படும்" என்றார்.

அவர் சொன்னது பொய்யாகிப்போகும் ஒரு நாட்டைப் பார்க்கத்தான் நாங்கள் இதையெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறோம்.