கள்ளர் பள்ளிக்கூடம் பிறந்த கதை

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டித் தேனிப் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்கள் மலையை ரசித்து முடித்ததும் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையைப் பற்றிக் கேட்பார்கள். ‘அரசு கள்ளர் தொடக்கப் பள்ளி’. ஒரு சாதியின் பெயரில் அரசாங்கமே பள்ளி நடத்துகிறதா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இப்படி ஏறத்தாழ 300 பள்ளிகள் இருக்கின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் நீண்ட காலமாக இவை பள்ளிக் கல்வித் துறைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. சீர்மரபினர் நலனைக் கவனிக்கும் துறையின் கீழ் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் மதுரையில் தனி அலுவலகமே உண்டு. தமிழ்நாட்டில் வேறு எங்கும் காண முடியாத இந்த ஏற்பாட்டின் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் போனால், அது போலீஸ் கோப்புக்குள்தான் கிடைக்கும்.

கதையைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. லோயர் கேம்ப்பில் இறங்கிய தண்ணீர் வைகையோடு சேர்ந்து, பேரணை வழியாகக் கிழக்கே மேலூர் வரை போனது. நடுவில் இருந்த உசிலம்பட்டிச் சீமைக்கு ஒரு சொட்டும் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே பிழைப்புத் தேடிக் கணவாய் தாண்டி வருசநாட்டிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் குடியேறியிருந்தார்கள். மேலூர்க் கள்ளர்கள் பெரியாற்றுத் தண்ணீரால் விவசாயிகளாகத் திருந்திவிட்டார்கள் என்று அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்த பக்கத்தில் இருந்தவன் விவசாயி ஆனான். போகாத பக்கத்தில் இருந்தவன் இருபது ஆண்டுக்குள் சட்டப்படி குற்றவாளி ஆனான். உசிலம்பட்டிக்காரர்கள் தண்ணீருக்காக 58 கிராமக் கால்வாய் கேட்டு நூறு ஆண்டுக்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுபக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. மானாவாரி நிலத்தோடு கள்ளர்களுக்கு இருந்த இன்னொரு வருமானம் காவல். ஊரைக் காக்கக் கூலி வாங்குவார்கள். மாடு காணாமல் போனால் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மீட்டுக் கொடுப்பார்கள். மாடு எப்படிக் காணாமல் போனது என்று மட்டும் கேட்கக் கூடாது. இதில் நொந்துபோன குடியானவர்கள் 1896இல் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில் ‘பண்டு’ கட்டினார்கள். ஊருக்கு ஊர் பணம் சேர்த்து, மாடு இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள். கள்ளர் காவலை ஒழித்து, பல ஊர்களிலிருந்து அவர்களை விரட்டவும் செய்தார்கள். வீடுகள் எரிந்தன. எனவே பிரிட்டிஷ்காரன் ஒன்றுமில்லாத இடத்தில் பழி சுமத்தினான் என்று சொல்ல முடியாது. சிலர் செய்த தொழிலைப் பிறப்போடு சேர்த்துக் கட்டி, தொட்டில் பிள்ளை வரைக்கும் நீட்டியதுதான் அவன் செய்த காரியம்.

அதற்கான கருவி குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவுக்கென்று எழுதப்பட்டது. 1911இல் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது முதலில் பாய்ந்து, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் முழுவதையும் வளைத்தது. பெரிய ஆண்கள் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். அதனால்தான் ஊர்வழக்கில் அதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்று பெயர். பதிந்தவன் இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போனால் ‘ராதாரிச் சீட்டு’ என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு சமூகத்தை இப்படி அறிவித்தது சரியா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று சட்டமே கதவைச் சாத்தியிருந்தது.

இந்தச் சட்டத்தை அமல்படுத்தியது ராணுவம் அல்ல. அந்த வேறுபாடு இந்தக் கதைக்கு முக்கியம். 1767இல் கேப்டன் ரம்லி மேலூர்ப் பக்கம் வெள்ளாளப்பட்டியைச் சுற்றி வளைத்துக் கள்ளர்களைக் கொன்று குவித்தபோது, வந்தது கம்பெனியின் பட்டாளமே. வரி வசூலுக்கும் அடக்குமுறைக்கும் அன்று ஒரே படைதான். 1857க்குப் பிறகு ஆட்சியாளர்களுக்கு இந்த ஏற்பாடு உறுத்தியது. உள்ளூர் ஆட்களை அடக்கச் சிப்பாய்களை அனுப்பினால் சிப்பாயே திரும்பிவிடக்கூடும். 1859இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. லத்தி பிடிக்கிற போலீஸ் ஒரு பக்கம் இருக்க, மாவட்டத் தலைநகரங்களில் துப்பாக்கியோடு ரிசர்வ் போலீஸும் உருவானது. அணிவகுப்பு, முகாம், சுடும் உத்தரவு எல்லாம் பட்டாளத்துப் பழக்கம். ஆனால் கோப்பில் அது சிவில் நிர்வாகம்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி காலை பெருங்காமநல்லூரில் இந்த வேறுபாட்டின் அர்த்தம் தெரிந்தது. உசிலம்பட்டிக்குத் தெற்கே சேடபட்டிப் பக்கம் உள்ள சிற்றூர். உழுது பிழைக்கிற எங்களை எதற்கு ரேகை வைக்கச் சொல்கிறீர்கள் என்பது ஊரின் கேள்வி. பதிவு செய்ய வந்த அதிகாரிகளோடு துப்பாக்கிப் போலீஸும் வந்திறங்கியது. கூட்டம் கலையவில்லை. சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர். உடல்களை உசிலம்பட்டிக்கு வண்டியேற்றிப் போய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்று இன்றும் ஊர் சொல்லும். பிடிபட்டவர்களை விலங்கிட்டு நடத்திக்கொண்டு போனார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று அங்குள்ள நினைவுத் தூணுக்குத் தேனி மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

மேடைகளில் இதைத் ‘தென்னாட்டு ஜாலியன்வாலாபாக்’ என்பார்கள். எனக்கு அந்த ஒப்புமையில் முழு உடன்பாடில்லை. அமிர்தசரஸில் சுட்டது ராணுவம். அதனால் விசாரிக்க ஹண்டர் குழு அமைந்தது, சுடச் சொன்ன டயரின் பதவி பறிபோனது, 1920 ஜூலையில் லண்டன் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ராணுவம் குடிமக்களைச் சுடுவதை ஆள்கிறவர்களே அசாதாரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அமிர்தசரஸ் நடந்து ஓராண்டுக்குள் பெருங்காமநல்லூரில் சுட்டது போலீஸ். அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்ற தலைப்பில் அடங்கிப்போனது. ஹண்டர் குழு மாதிரி எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. வந்தவர் ஒரு வக்கீல். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப், கள்ளர்களுக்காக வாதாடினார், இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். கோட்டில் ரோஜாப்பூ செருகுவாராம். சனங்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ ஆக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கவும் செய்தார்கள்.

அரசாங்கத்துக்கும் ஒன்று புரிந்திருந்தது. சுட்டு ரேகை வாங்கலாம், ஆனால் பதிந்த ஆயிரக்கணக்கான பேரைத் தினமும் காவல் காக்க எத்தனை போலீஸ் வேண்டும்? அதே 1920இல்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கியதாக அரசுக் குறிப்புகள் சொல்கின்றன. ‘கள்ளர் ஸ்பெஷல் ஆபீசர்’ என்ற பதவி வந்தது. போலீஸ் அதிகாரிகளே அதை வகித்தார்கள். ஊருக்கு ஊர் கள்ளர் பஞ்சாயத்துகள் அமைத்து, குற்றம் நடந்தால் பொறுப்பு உங்களுடையது என்றார்கள். கூட்டுறவுச் சங்கம், கிணறு வெட்டக் கடன், தரிசு நிலம் கொடுப்பது, பள்ளிக்கூடம், வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படிக்க விடுதி என்று திட்டம் விரிந்தது. ஏர் பிடிக்கிற கையும் சிலேட்டுப் பிடிக்கிற கையும் கன்னக்கோல் பிடிக்காது என்பது கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்த ஆனந்த் பாண்டியன், 2009இல் வந்த தன் நூலில் இந்தக் கணக்கைத்தான் பிரித்து வைக்கிறார். பயிரைப் பண்படுத்துவதுபோல மனிதர்களையும் பண்படுத்தலாம் என்று போலீஸ் நம்பியதும், பிறகு அந்த மக்களே தங்களைப் பற்றி அப்படிப் பேசத் தொடங்கியதும் அதில் பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பள்ளி வந்ததும் சட்டம் போய்விடவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் இரண்டும் அருகருகே நடந்தன. அப்பன் இரவில் ஸ்டேஷன் திண்ணையில் படுத்துவிட்டு விடிந்து வீட்டுக்கு வருவான். மகன் குளித்துவிட்டு, அதே துறை திறந்த பள்ளிக்குப் போவான். இருவர் பெயரும் பதிவேட்டில் இருக்கும். வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதைப் பார்த்து அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சீரமைப்புத் திட்டம் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு இன்னொரு பிறப்பும் நடந்தது. 1921 மாப்பிள்ளைக் கலகத்தையடுத்து ஹிட்ச்காக் என்ற போலீஸ் அதிகாரியின் யோசனைப்படி மலப்புறத்தில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் உருவானது. பட்டாளத்தைக் கூப்பிடாமலே பட்டாளத்தின் வேலையைச் செய்ய ஒரு படை. மாகாணத்தில் எங்கே கலவரம் என்றாலும் லாரியில் வந்திறங்கும். 1957இல் முதுகுளத்தூர்க் கலவரத்தின்போது கீழத்தூவலில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றபோதும் இதன் பெயர் அடிபட்டது. இன்றைய தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அந்த வழியில் வந்ததுதான். கள்ளர் பள்ளியும் ஸ்பெஷல் போலீஸும் ஓராண்டு இடைவெளியில், ஒரே மாகாணத்தில், ஒரே கவலைக்குப் பிறந்தவை. பள்ளியில் படித்து முடித்த பையன்களில் எத்தனையோ பேர் அந்தப் போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் ஆள் எடுப்பில் ஓடிப் போனார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் இன்றும் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகும் பையன்களைப் பார்க்கலாம்.

1947 ஜூன் 5 அன்று, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது. முத்துராமலிங்கத் தேவரும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. மறு ஆண்டே ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்று தனி ஆட்களைக் குறிவைத்து வேறொரு சட்டம் வந்தது. பள்ளிகள் போலீஸ் நிழலிலிருந்து நலத்துறைக்கு மாறின. அதற்குள் ஊர் அவற்றைத் தன்னுடையதாக்கியிருந்தது. ‘கள்ளர் பொது நிதி’ என்று தலைக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணமும், ஊர் எழுதிக் கொடுத்த இடமும் பல கட்டடங்களின் அடியில் இருக்கின்றன. எவனைத் திருத்தக் கட்டினார்களோ அவன் அதைத் தன் சொத்து என்று சொல்லத் தொடங்கியதுதான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். அதிகாரிகள் எதிர்பார்த்தது இதுவல்ல.

அடி வாங்கியவன் அடிக்க மாட்டான் என்று எண்ணிவிட முடியாது. 1989இல் போடியிலும் மீனாட்சிபுரத்திலும் நடந்த சாதிக் கலவரத்தைத் தேனிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் பத்து ஆண்டு அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவிடவில்லை. ரேகை வைக்க மறுத்த ஊர்களின் சொந்தக்காரர்கள்தான் வேட்புமனு போட விடாமல் தடுத்தவர்களும். கள்ளர் பள்ளிகளில் தலித் பிள்ளைகளும் உட்கார்ந்து படித்தார்கள். பள்ளி கற்றுக்கொடுக்காத பாடம் எது என்பதற்கு அந்தப் பத்து ஆண்டும் சாட்சி.

2023 வரவு செலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பள்ளி மாணவர்களிடையே சாதிப் பகையை ஒழிக்க வழி சொல்ல அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. நியாயமான பரிந்துரைதான். எதிர்ப்பும் உடனே கிளம்பியது. எங்கள் பணம், எங்கள் நிலம், எங்கள் பிள்ளைகளின் வேலை என்றார்கள். தனித்துறை போனால் தனிக் கவனமும் போய்விடும் என்றார்கள். பெயரைப் பலகையிலிருந்து எடுத்தால் பெருங்காமநல்லூரையும் எடுத்ததாகிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் பாதிக் காரியம் சரி. குழுவின் கண்ணில் பட்டது கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் இன்றைய மாணவன். ஊர்க்காரன் கண்ணில் இருப்பது ஸ்டேஷனில் படுத்துறங்கிய தாத்தா. அந்தத் தாத்தாவைப் படுக்க வைத்த துறை இதுவரை மன்னிப்புக் கேட்டதாக எந்த அரசாணையும் என் கண்ணில் பட்டதில்லை. அதைக் கேட்டுவிட்டுப் பலகையை மாற்றியிருந்தால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி போயிருக்கும்.