வன்னியும் மலேரியாவும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பில் குடிகள் அருகியமைக்கு மலேரியாவே மூலகாரணம் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலங்கையின் உலர் வலயப் பழைய நகரங்கள் கைவிடப்பட்டமையையும் 1921 இல் லூசியஸ் நிக்கல்ஸ் இந்நோயைக் கொண்டே விளக்க முற்பட்டார். நீர்ப்பாசன அமைப்புச் சீர்குலைந்த பின்னரே நோய் வலுப்பெற்றது என்ற எதிர்வாதமும் பின்னர் எழுந்தது. இது வெறும் புலமைப் பிணக்கன்று. முதற்கருத்தை ஏற்பின் வன்னியின் வறுமை இயற்கையின் விதியாகிவிடும். மற்றையதை ஏற்பின் அதற்கு ஆட்சியும் சமூகமும் பொறுப்பாகும்.

இலங்கையில் மலேரியாவைப் பெரிதும் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசீஸ் என்னும் நுளம்பு, வெயில் படும் தெளிந்த தேங்குநீரிற் பெருகுவது. ஓட்டம் குன்றிய ஆற்றுப்படுகைக் குட்டைகள் அதற்கு மிக வாய்ப்பானவை. கட்டுடைந்த குளங்கள் மலிந்த வன்னியில் நோய் நிலைகொண்டமை இதனோடு இயைத்து நோக்கத்தக்கது.

1934-35 இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, ஈர வலயத்தை மையமாகக் கொண்டு மூண்ட கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. எதிர்ப்பாற்றல் பெறாத மக்களை அது தாக்கியமையால் அழிவு பெரிதாயிற்று. உலர் வலயத்திலோ ஆண்டுதோறும் காய்ச்சலுற்று மண்ணீரல் வீங்கிய குழந்தைகளுட் பிழைத்தோரே ஓரளவு எதிர்ப்பாற்றலுடன் வளர்ந்தனர். அன்றாடமாகிவிட்ட அம்மரணங்கள் கொள்ளைநோய் எனப் பெயர் பெறவில்லை.

1946 இல் டீ.டீ.ரீ. தெளிப்பு விரிவடைந்தது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947 இல் 14 ஆக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியை மருந்துத் தெளிப்பால் மட்டும் விளக்கவியலாது என எஸ். ஏ. மீகம வாதிட்டார். நோய் தணிந்த இக்காலத்தையடுத்தே வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் ஆகியன புனரமைக்கப்பட்டுக் குடியேற்றங்கள் பெருகின.

1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நுளம்புகள் டீ.டீ.ரீ.யைத் தாங்கும் வலுப்பெற்றமையால் 1977 இல் மலத்தியன் பயன்பாட்டுக்கு வந்தது.

போர்க்காலத்தில் வன்னி மீண்டும் நோயின் களமாயிற்று. இடம்பெயர்ந்தோர் தங்கிய தறப்பாள் கொட்டில்களில் மருந்து தெளிப்பதற்குச் சுவர்களே இல்லை. 1999 இல் நாட்டில் 264,000 இற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். எனினும் 2000 இன் பின்னர், போர் ஓயுமுன்னரே, நோய் விரைந்து குறைந்தது. இரத்தப் பரிசோதனை, மருந்தூட்டிய நுளம்பு வலை, இடையறாத களப்பணி ஆகியன இதற்குத் துணைநின்றன. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 இல் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது.

எனவே வன்னியின் காய்ச்சலை மண்ணின் இயல்பெனக் கொள்வது பொருந்தாது. பராமரிப்பும் கண்காணிப்பும் எங்கு அறுந்தனவோ அங்கு நோய் மீண்டது என்பதே இவ்வரலாறு காட்டுவது. சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், வன்னியை அடுத்த மன்னாரின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. 1963 இன் பின் நேர்ந்த தளர்ச்சியை அறிந்தோர் இச்செய்தியைப் புறக்கணித்தல் தகாது.