நாஞ்சில்நாட்டு வழிகளும் வழக்குமன்றமும்

வழி என்னுஞ் சொல் நடக்கும் தடத்தையும் ஒழுகும் முறையையும் ஒருங்கே உணர்த்துவது. நம் நாஞ்சில்நாட்டில் இவ்விரண்டும் எவ்வாறு பிணைந்து வந்தன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நாகர்கோவிலின் பழம்பகுதியாகிய கோட்டாறு, யவன ஆசிரியர் தாலமி குறித்த தொன்மை வாய்ந்த வணிகத்தலம் என்பர் ஆராய்ச்சியாளர். நாகராசர் கோயிலாற் பெயர் பெற்ற இந்நகர், 1920-இல் நகராட்சியாகி, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடிணைந்த குமரி மாவட்டத்திற்குத் தலைநகராய் விளங்கி, 2019-இல் மாநகராட்சியாயிற்று.

இங்கு நீதி வழங்கிய முறையும் காலந்தோறும் மாறி வந்துளது. சுசீந்திரத்தில் முன்னாளில் கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. பழிக்காளான நம்பூதிரியார் கொதிக்கும் நெய்யிற் கையிட வேண்டும். கை வெந்தாற் குற்றவாளி, வேகாதிருந்தால் தூயோர். சுவாதித் திருநாள் மகாராசா காலத்தில் அவ்வழக்கம் ஒழிந்தது. அதற்கு முன்னரே, 1811-இல், கர்னல் மன்றோ திவானாயிருந்தபோது திருவிதாங்கூரில் ஐந்து சில்லா நீதிமன்றங்கள் தோன்றின. அவற்றுளொன்று பத்மநாபபுரத்தில் அமைந்தது. 1818-இல் மீட் பாதிரியார் நாகர்கோவிலில் நீதிபதியாக நியமிக்கப்பெற்றார்.

மன்றம் வந்தும் வழி எல்லார்க்கும் பொதுவாகவில்லை. சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் யாவரும் நடக்கும் உரிமை வேண்டி, டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்தது. பிறர் தடுக்கப்படுதலைக் கண்டும் வாளாவிருந்தோர் எல்லாச் சமூகத்திலும் உண்டு, நம்மிலும் உண்டு. அதனை மறைத்தல் வரலாறாகாது. 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்த பின்னரே கோயிற் கதவும் எல்லார்க்கும் திறந்தது.

இன்றோ, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் திருவனந்தபுரத்தினின்றும் வரும் பெருவழிகளில் ஊர்திகள் இடையறாது ஓடுகின்றன. ஊர்தி விதியை மீறினோர் அவ்விடத்தே தண்டத்தொகை செலுத்தித் தீர்க்கலாம். அங்ஙனம் தீராத வழக்குகள் நீதித்துறை நடுவர் மன்றத்தை அடையும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பெற்றுக் கடுமையாயிற்று. மதுவுண்டு ஊர்தி ஓட்டுவோர்க்கு முதற் குற்றத்திற்கே 10,000 ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிறுவன் ஊர்தியோட்டிக் குற்றம் புரியின், அவன் தந்தையோ ஊர்திக்குரியவரோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் ஏற்க நேரும்.

இம்மன்றம் சிறியதெனக் கருதற்க. கொலைவழக்கிற்கு நீதிமன்றம் ஏறுவோர் சிலர். சாலை வழக்கிற்கு ஏறுவோர் பலர். எளியோன் அரசின் நீதியை முதன்முதற் காணுமிடம் பெரும்பாலும் இதுவே. அங்கே குலமும் கோத்திரமும் கேட்பாரில்லை. ஊர்தியின் எண்ணையே கேட்பர்.

ஆயினும், மைந்தன் பிடிபட்டவுடன், "நம்மவர் யார் அங்கே இருக்கிறார்?" என்று சங்கத்தாரை நாடி வருவோர் நம்மிடையே உளர். தெருவில் நடக்கவே உரிமை வேண்டிப் போராடிய மக்கள் வாழ்ந்த நாட்டில், பொது வழியின் பொது விதிக்கு நம் பிள்ளைகள் மட்டும் விலக்குக் கேட்டல் தகுமா? பரிந்துரை தேடுதலினும், உரிமம் பெறாச் சிறுவன் கையில் ஊர்தித் திறவுகோலைக் கொடாமையே நன்று. வழி யாவர்க்கும் பொது. விதியும் அங்ஙனமே என்று நம் இல்லந்தோறும் சிறார்க்கு உணர்த்துவோமாக.