புல்லட்டின் வயிற்றில் எண்ணெய்

இப்போது வரும் சில பைக்குகளில் என்ஜினுக்கு முன்னால் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் ஆயில் கூலர். நம் காலத்து புல்லட்டில் அது கிடையாது. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டரும் கிடையாது.

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. போகப் போக எல்லாமே திருவொற்றியூரில் செய்யப்பட்டது. 1970-க்குள் அங்கே தாய்க் கம்பெனியே முடிந்துபோனது. இங்கே அந்தப் பழைய இரும்பு பாரல் என்ஜின் பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாள் பிஎஸ்ஏ வண்டிகளில் ஆயில் டேங்க் சீட்டுக்குக் கீழே தனியாக இருக்கும். அதன்மேல் காற்று படும். புல்லட்டில் டேங்க் கிராங்க் கேஸுக்குள்ளேயே, வார்ப்போடு சேர்ந்தது. வெளியே கசிய நீளக் குழாய்கள் இல்லை என்பது லாபம். ஆனால் எண்ணெய் இரவு பகலாக என்ஜின் சூட்டோடுதான் குடியிருந்தது. ஒரு பம்ப் அதைக் கிராங்குக்கு அனுப்பும், இன்னொன்று திருப்பி எடுக்கும். பிக் எண்டில் ரோலர் இல்லை, சுழலும் புஷ்தான். எண்ணெய் வராவிட்டால் அதற்கு உயிர் இல்லை.

நான் வேலை பார்த்த துறையின் ஒர்க்‌ஷாப்பில் இந்த வண்டிகள் நிறைய. "சார், மலை ஏறும்போது இழுக்கல, சூடாகுது" என்று வருவார்கள். எங்கள் ஃபோர்மேன் முதலில் என்ஜினைப் பிரிக்க விடமாட்டார். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, பிறகுதான் எண்ணெய் அளவு பார்க்கச் சொல்வார். பல நாள் நின்ற வண்டியில் எண்ணெய் பம்ப் வழியாகக் கீழே இறங்கி டேங்க் காலியாகத் தெரியும். அவசரப்பட்டு ஊற்றினால் அப்புறம் புகை மண்டும். அடுத்து, ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பது. அங்கே வந்தால் திரும்பும் பம்ப் வேலை செய்கிறது. பிறகு ஃபின்களில் அப்பிய மண், இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர். டைமிங் பின்தங்கினாலே என்ஜின் கொதிக்கும். எண்ணெய் மேல் பழி போடக்கூடாது.

ஒரு தடவை கொல்லிமலையிலிருந்து ஒரு வண்டியை லாரியில் ஏற்றி வந்தார்கள். பிக் எண்ட் புஷ் பிடித்துக்கொண்டிருந்தது. யாரோ தெருவோரத்தில் வடிகட்டி விற்ற பழைய எண்ணெயை வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். ஓட்டியவர் ஹேர்பின் வளைவில் கிளட்சைப் பிடித்ததால் தப்பினார். பின்சக்கரம் இறுகியிருந்தால் பள்ளம்தான். அதற்குப் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் டின்னின் சீலை உடைப்பது ஃபோர்மேன் மட்டும்தான்.

2016-ல் வந்த ஹிமாலயனில் ஆயில் கூலர் வைத்தார்கள், 2018-ன் 650 இரட்டைச் சிலிண்டரிலும் வைத்தார்கள். அதன் ஃபின்களிலும் சேறு அடைக்கத்தான் செய்கிறது. வேகமான தண்ணீர் பீய்ச்சினால் ஃபின்கள் மடங்கிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.