வாளேந்திய மகளிரும் ஒரு தொகை நூலும்

ஓர் இலக்கிய வகை தோன்றும் நாளிலேயே அதற்குப் பெயர் அமைந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட், 'வியர்ட் டேல்ஸ்' என்னும் இதழில் 1932 திசம்பரில் கோனன் என்னும் வீரனை அறிமுகப்படுத்தினார். தோள்வலியையும் வாளையுமே துணையாகக் கொண்ட ஒருவன், மாயவித்தையரையும் பழந்தெய்வங்களையும் எதிர்த்து நிற்கும் கதைகள் அவை. ஹோவர்ட் 1936-இல் முப்பது அகவையில் மறைந்தார். இவ்வகைக் கதைகளுக்கு, 'வாளும் மாயமும்' எனப் பொருள்படும் 'ஸ்வோர்ட் அண்ட் சார்சரி' என்னும் பெயரை ஃபிரிட்ஸ் லைபர் என்னும் எழுத்தாளர் முன்மொழிந்தது 1961-இல்தான்.

பெயர் வந்தபின் தொகை வந்தது. 1963-இல் எல். ஸ்பிரேக் டி கேம்ப் தொகுத்த 'ஸ்வோர்ட்ஸ் அண்ட் சார்சரி' என்னும் நூல் எட்டு ஆசிரியரின் எட்டுக் கதைகளைக் கொண்டது. எண்மருள் பெண் சி. எல். மூர் ஒருவரே. ஜிரெல் என்னும் வாளேந்திய தலைவியை 1934-இலேயே படைத்தவர் அவர். கேதரின் லூசில் என்னும் பெயர் இரண்டு முன்னெழுத்துகளுக்குள் அடங்கிக் கிடந்தமையால், அவரை ஆண் எனக் கருதியோர் பலர். அவ்வாறு கருதிப் பாராட்டு மடல் எழுதிய ஹென்றி குட்னர் என்னும் எழுத்தாளரே பின்னர் 1940-இல் அவரை மணந்தார். குட்னரின் கதையும் இதே தொகை நூலில் இடம்பெற்றுள்ளது.

அடுத்து, எழுத்தாளர் வட்டம் ஒன்றே தொகை நூல்களைத் தோற்றுவித்தது. லின் கார்ட்டர் முன்னின்று அமைத்த எண்மர் குழு அது. நண்பர்களின் விளையாட்டாகத் தொடங்கிய அவ்வட்டம், 1973 முதல் 'ஃபிளாஷிங் ஸ்வோர்ட்ஸ்' என்னும் வரிசையை வெளியிட்டது. பழைய கதைகளை மீண்டும் அச்சிடாமல் புதிய கதைகளை எழுதுவித்தமை அதன் சிறப்பு. முதலிரு தொகுதிகளிலும் நால்வர் நால்வராக எண்மரும் எழுதினர். அவருள்ளும் பெண் ஆண்ட்ரே நார்ட்டன் ஒருவரே. ஒரு வட்டம் தன் உறுப்பினரைக் கொண்டே நூல் செய்யுமாயின், அவ்வட்டத்தின் எல்லையே நூலின் எல்லையாகிவிடும் என்பது இங்குக் கருதத்தக்கது.

அவ்வெல்லையை விரித்த நூல் 1979-இல் வெளிவந்த 'அமேசான்ஸ்!' ஆகும். இதனைத் தொகுத்தவர் ஜெசிக்கா அமாண்டா சால்மன்சன். வாளேந்துவோர் பெண்டிராக இருத்தல் வேண்டும் என்பதே இத்தொகையின் அடிப்படை. எழுதுவோர் பெண்டிராகவே இருத்தல் வேண்டும் என்பதன்று. ஆப்பிரிக்க அமெரிக்கரான சார்லஸ் ஆர். சாண்டர்ஸ், தகோமி நாட்டின் பெண்படையை அடியொற்றித் தொசூயே என்னும் தலைவியைப் படைத்து இந்நூலில் உலவவிட்டார். ஹோவர்டின் கதைகளில் ஆப்பிரிக்கா அச்சத்திற்குரிய இருள்நிலமாகவே பெரிதும் தோன்றும். இங்கோ அந்நிலத்துப் பெண்ணொருத்தியே கதைத்தலைவி. நார்ட்டன், சி. ஜே. செர்ரி, தானித் லீ ஆகியோரின் கதைகளும் இதில் உள்ளன.

கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1848-இல் மறைந்த எமிலி பிராண்டியின் கவிதையொன்றும் இந்நூலில் சேர்க்கப்பட்டுள்ளது. கோண்டால் என்னும் கற்பனைத் தீவையும் அதன் அரசியையும் பற்றி அவர் பாடிய பாடல்களுள் ஒன்று அது. ஆகவே, இவ்வகைக்குப் பெண்டிர் புதிதாக வந்தவரல்லர். ஹோவர்டுக்கு நூறாண்டு அளவில் முன்னரே வாளும் முடியும் தாங்கிய அரசியை ஒரு பெண் பாடியிருக்கிறார் என்பதைத் தொகுப்பாசிரியர் வாதம் செய்யாமலேயே நிறுவிவிட்டார். புதியோருக்கு வாயில் திறந்ததோடு முன்னோரையும் மீட்டுத் தந்தமையே இத்தொகுப்பின் அருமை.

1980-இல் இந்நூல் சிறந்த தொகைக்கான உலக மிகைபுனைவு விருதைப் பெற்றது. இதில் இடம்பெற்ற எலிசபெத் ஏ. லின்னின் சிறுகதைக்கும் அதே ஆண்டில் அவ்விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. இரண்டாம் தொகுதி 1982-இல் வெளிவந்தது. 1984-இல் 'ஸ்வோர்ட் அண்ட் சார்சரெஸ்' என்னும் நெடிய தொகை வரிசை தொடங்கிற்று.

தொகுத்தோர் பெயரையும் தொகுப்பித்தோர் பெயரையும் போற்றிவைக்கும் மரபில் வந்தோர் நாம். பத்தாண்டு நிறைவில் மலர் தொகுக்கும் நம் வட்டமும், யார் யார் எழுதியிருக்கின்றனர் என எண்ணிப் பார்க்கும்போது, எழுத அழைக்கப்படாதோர் யார் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் நலம். அடுத்த மலருக்கான அழைப்பை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.